மைனி போட்ட இலை

மைனிக்கு ஒருத்தர் மேல் கோபம் வந்துவிட்டது என்பது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அவரைச் சாப்பிடக் கூப்பிடுவாள். திட்டினால் பயப்பட வேண்டாம். என்னைத் தினமும்தான் திட்டுவாள். "வாங்க, இருங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள் என்றால் அந்த ஆள் தொலைந்தான்.

மைனி என்றால் என் கூடப்பிறந்த அண்ணன் பெண்டாட்டி இல்லை. இலத்தூரில் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தவள். அவள் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன் முறை, அதனால் இவள் மைனி. அண்ணன் குளத்து மடைக்காரர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்து மடையைத் திறந்து அடைக்கிற வேலை. நான் குளத்தங்கரை முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். மைனி ஆள் குள்ளம். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கும். சிரித்தால் பச்சைப்பிள்ளை மாதிரி தெரிவாள். அந்தச் சிரிப்பை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

ஒருமுறை பக்கத்து வீட்டுச் சேவல் மைனி காயப்போட்டிருந்த வத்தலைக் கொத்திவிட்டது. கேட்கப் போனவளிடம் பக்கத்து வீட்டுக்காரி, "சேவல்னா கொத்தத்தான் செய்யும். ஒனக்குக் கண்ணு இல்லையா?" என்றாள். மைனி திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் அந்தச் சேவலுக்குக் கம்பு வைத்தாள். அதற்கு மறுநாள் சோளம், பிறகு பொரிகடலை. பத்தே நாளில் சேவலுக்குச் சொந்த வீடு மறந்து போனது. சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டுக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு மைனி வாசலில் வந்து நின்று "பா பா" என்று கெஞ்சுவாள். அது கூரைமேல் ஏறி நின்றுகொண்டு கழுத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"ஒங்க சேவலுக்கு எங்க வீடு புடிச்சிருக்கு. நான் என்னக்கா செய்ய? ஒங்களுக்குத்தான் நல்ல கண்ணு இருக்குல்லா, பாத்து வளத்திருக்கலாம்லா" என்பாள் மைனி. அப்போதும் அந்தச் சிரிப்புதான்.

இன்னொருமுறை, தென்காசியிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் கொட்டுகிற மழையில் அவளைக் குளத்து ஸ்டாப்பில் இறக்காமல் ஒரு கிலோமீட்டர் தள்ளி விலக்கில் இறக்கிவிட்டார். "ஒனக்குன்னு நிறுத்த முடியாது, எறங்கு" என்று ஒரு அதட்டல் வேறு. மறுவாரத்திலிருந்து மைனி தென்காசி போகிற வேலையை எல்லாம் அந்த பஸ்ஸுக்கே ஒத்திவைத்தாள். ஏறியதும் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா? அன்னிக்கு மழையில என்னைய எறக்கிவிட்டீங்களே, நீங்க நனஞ்சிறலையே?" என்று கேட்டு, தூக்குவாளியைத் திறந்து இரண்டு இட்லியை நீட்டுவாள். ஜனம் சிரிக்கும். ஒரு வருஷம் இப்படி. அந்த மனுஷன் கடைசியில் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ரூட்டுக்குப் போய்விட்டார்.

இதெல்லாம் சில்லறை விஷயம். சிரித்துவிட்டுப் போகலாம். இனி சொல்லப் போவது அப்படியில்லை.

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சாலையில் கறுப்பு வேட்டியாகத் தெரியும். வடக்கே இருந்து சபரிமலைக்கு நடந்தே போகிற சாமிமார். ராஜபாளையம், வாசுதேவநல்லூர், கடையநல்லூர் என்று நாள் கணக்கில் நடந்து வந்து, எங்கள் குளத்தைக் கண்டதும் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்தது செங்கோட்டை, புளியரை, அப்புறம் மலை ஏற்றம்தான். ஏறுவதற்கு முன் குளித்து, வேட்டி அலசி, கால் கொப்புளத்துக்கு மருந்து போட்டு ஒரு நாள் ஓய்வெடுக்க எங்கள் குளக்கரை மண்டபத்தை விட்டால் தோதான இடம் கிடையாது. சிலர் குற்றாலம் வரை போய் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

மாலை போட்டவர் எல்லாரும் சாமி. அவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் அந்த நாற்பது நாளும் அவரைத் திட்டக்கூடாது. தண்ணீர் இல்லை என்று சொல்லக்கூடாது. சாமிமாருக்கும் கண்டிப்பு உண்டு. பொய் சொல்லக்கூடாது. அன்னதானம் என்று இலை போட்டால் மறுக்கக்கூடாது. இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கக்கூடாது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு மத்தியானம், தூறல் விழுந்துகொண்டிருந்தது. வடக்கேயிருந்து நாற்பது பேர் கொண்ட ஒரு குழு வருவதாக இருந்தது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் வருகிறவர்கள்தான். அவர்களை நடத்தி வருகிற குருசாமிக்கு அது பதினோராவது வருஷம். பதினெட்டு வருஷமும் ஒரு எட்டுகூட வண்டியில் ஏறாமல் நடந்தே போவதாக நேர்ந்திருந்தார். அதைப் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் போவார். அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி அவர்களோடு வரும். ஓட்டுவது குருசாமியின் அக்கா மகன்.

அன்றைக்கு மற்ற சாமிகள் எல்லாரும் பின்னால் நடந்து வந்துகொண்டிருக்க, அந்த வண்டி மட்டும் முன்னால் வந்து என் கடையைத் தாண்டிக் கரைமேல் ஏறியது. முன்சீட்டில் குருசாமி உட்கார்ந்திருந்தார். பாதத்தில் துணிக்கட்டு. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மறைத்தார். கால் வெடித்திருக்கும், பாவம் என்றுதான் நினைத்தேன். பாவமாம். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கால்மணி நேரத்தில் கரைமேல் கூச்சல் கேட்டு ஓடினேன். அண்ணன் கரைச்சரிவில், கல்லில் தலை மோதிக் கிடந்தார். உயிர் இல்லை. பக்கத்தில் சைக்கிள். அதன் பின்சக்கரம் மடங்கியிருந்தது. ஆள் தானாக விழுந்தால் சக்கரம் அப்படி மடங்காது. பின்னால் ஒன்று வந்து இடித்தால்தான் அப்படி மடங்கும். முப்பது வருஷமாகச் சைக்கிளோடு மல்லுக்கட்டுகிறவன் நான், எனக்குத் தெரியாதா?

குருசாமி மண்டபத்து வாசலில் நின்று எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் நடந்து வந்துக்கிட்டிருந்தேன். இவர் சைக்கிள்ல தள்ளாடிக்கிட்டே வந்தாரு. அவராத்தான் சரிஞ்சாரு. தூக்கலாம்னு கிட்டப் போனா ஒரே சாராய வாடை. ஐயப்பா!"

அண்ணன் இருமலுக்கு அரிஷ்டம் குடித்தாலே வாந்தி எடுக்கிற மனுஷன். பெரியவர் ஒருவரைத் தனியே இழுத்துப்போய், "இவரு நடந்து வரல, வண்டியில வந்தாரு. நான் பாத்தேன்" என்றேன்.

"வண்டி இடிச்சதப் பாத்தியாலே?"

"இல்ல. ஆனா..."

"அப்ப சும்ம இரி. மாலை போட்ட சாமி பொய் சொல்லுமா?"

அதோடு முடிந்தது. போலீஸ், கேஸ் என்று போனால் உடம்பை அறுப்பார்கள் என்று பேசி, அன்று சாயங்காலமே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஊர் முழுக்க அண்ணன் குடித்துவிட்டு விழுந்து செத்தவர் ஆகிவிட்டார்.

பதினாறாம் நாள் கழிந்ததும் மைனியிடம் போய் நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இத வேற யார்ட்டலே சொன்ன?"

பெரியவரிடம் சொன்னதைச் சொன்னேன்.

"இனிமே யார்ட்டயும் மூச்சு விடாத. நான் சொல்லச் சொல்லுத அன்னிக்குச் சொன்னாப் போதும்."

"அப்ப அவன விட்டுரணும்ங்கீங்களா மைனி?"

"விடவா?" என்று நிமிர்ந்தாள். "அவரு செத்தது கூடப் போட்டும்லே. வண்டியின்னா இடிக்கும், மனுசன்னா சாவான். குடிகாரன்னு சொன்னான் பாரு, அத நான் விட மாட்டேன். அந்த வாயே, அதே எடத்துல உக்காந்து, இல்லன்னு சொல்லணும். ஊரு கேக்கச் சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அடுத்த கார்த்திகையில் மைனி அன்னதானம் போடப் போவதாக ஊரில் சொன்னாள். யாரைச் சாப்பிடக் கூப்பிடப் போகிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. குளக்கரையில் அண்ணன் விழுந்த இடத்துக்கு மேலே தரையைச் சாணி போட்டு மெழுகி, அங்கிருந்து மண்டபம் வரைக்கும் வரிசையாக இலை போட்டாள். நாற்பது சாமிகளும் வந்தார்கள். குருசாமியை மட்டும் கையைக் காட்டி, "சாமி, நீங்க இங்கன" என்று முதல் இலையில் உட்கார வைத்தாள். அவருக்கு அவள் யார் என்று தெரியாது.

சோறு வைத்து, பருப்பு ஊற்றி, நெய்யும் விட்டாள். பிறகு குனிந்து மெதுவாகக் கேட்டாள். "சாமி, போன வருசம் இந்த எடத்துல ஒருத்தரு விழுந்து செத்தாராமே. நீங்க பாத்தீங்களாமே?"

"ஆமாம்மா. பாவம், குடிச்சிட்டு வந்து விழுந்துட்டாரு."

"அப்பளம் வைக்கவா சாமி?"

"வைங்கம்மா."

வைத்துவிட்டுச் சொன்னாள். "அவரு எம் வீட்டுக்காரரு."

குருசாமியின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. எழுந்திருக்க முடியாது, அன்னதானப் பந்தி. மிச்சம் வைக்க முடியாது, மாலை கழுத்தில் கிடக்கிறது. மைனி மேலும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அதையும் தின்றார். சாம்பார், ரசம், மோர் என்று அத்தனையும் அவர் தொண்டைக்குள் இறங்குகிற வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். மற்ற சாமிகள், "அம்மா கை மணம் யாருக்கும் வராது" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நன்றாகத் தின்னட்டும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அவள் விட்டதில்லை. ஒரே ஒரு வருஷம் தவிர எப்போதும் அதே இடம், அதே இலை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரே கேள்வி. "சாமி, அவரு குடிச்சிருந்தாரா?" அவர் குனிந்து சோற்றைப் பிசைவார். "ரசம் விடவா?" என்று அடுத்த வாளியை எடுப்பாள்.

மூன்றாம் வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. "மைனி, அந்தாளு சாம்பார்ல மட்டும் நேர்வாளங்கொட்டைய அரைச்சு விடுவோம். புளியரை ஏத்தத்துல கெடந்து உருளட்டும்" என்றேன்.

கையில் இருந்த அகப்பையால் முழங்கையில் ஒன்று வைத்தாள். "சோத்துல கை வைக்கச் சொல்லுதியோ? வெளங்குவியாலே நீ? அது சாமிக்குப் போடுத சோறு. அந்தாளுக்கு வயித்துப்போக்கு வந்தா ரெண்டு நாள்ல சரியாப் போயிரும். எனக்கு ரெண்டு நாளு போதாது."

நாலாம் வருஷம் அவர் தப்பிக்கப் பார்த்தார். கடையநல்லூர் தாண்டியதும் இலத்தூர்ப் பக்கம் திரும்பாமல் தென்காசி வழியாகக் குழுவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். மைனிக்கு வாசுதேவநல்லூரில் தங்கச்சி வீடு. அந்தக் குழு அங்கே தங்கிக் கிளம்பும்போதே போன் வந்துவிடும். வழி மாறிய சேதியும் வந்தது. "ஏலே, வண்டிய எடு" என்றாள். சோற்றுப் பானை, சாம்பார் தூக்கு, இலைக்கட்டு எல்லாவற்றையும் மடியிலும் முதுகிலும் வைத்துக்கொண்டு என் மொபெட்டில் குற்றாலம் வந்து சேர்ந்தோம்.

மெயின் அருவியில் கூட்டம் நெரிந்தது. குருசாமி கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். வெகுநேரம் நின்றார். கடைசியில் வேட்டியைப் பிழிந்துகொண்டே வெளியே வந்தவர் படியில் மைனி இலையை விரித்துத் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தார்.

"சாமி சரணம். வழி தெரியாமப் போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன். பசியா இருப்பீங்க."

அவர் குழுவில் இருந்த பையன்களுக்கு ஒரே குதியாட்டம். "குருசாமி, இலத்தூர் அம்மா இங்கயே வந்துட்டாங்க! என்ன ஒரு பக்தி பாருங்க!" குருசாமி ஈரத்தோடு உட்கார்ந்தார். அவர் உடம்பு நடுங்கியது. குளிரில் நடுங்கினாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து ஒழுங்காகக் குளத்தங்கரைக்கே வந்துவிட்டார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "மைனி, எதுக்குக் காதுக்குள்ளயே கேக்கீங்க? எல்லாச் சாமிக்கும் கேக்குத மாதிரி சத்தமாக் கேட்டா என்ன?"

"இப்பக் கேட்டா நெஞ்சத் துணிஞ்சு ஆமாம்னு சொல்லிருவான். பதினெட்டு ஆகட்டும். அதுவரைக்கும் நடக்கட்டும்லே. நடக்க நடக்க அவனுக்கு அந்த நேர்ச்சை பெருசாத் தெரியும்லா? பெருசானாத்தான் போகையில வலிக்கும்."

நான் கோபக்காரன், யாரையும் உடனே அடித்துவிட்டுப் போகிறவன். இவள் ஒருத்தனை வருஷக்கணக்கில் ஊட்டி வளர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அவளைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி, அவன் பட வேண்டியவன்தான் என்றும் தோன்றியது.

மைனிக்கு ஒரே மகள். தென்காசியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். ஆறாவது பந்தி முடிந்த தை மாதம் வாசுதேவநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பையனுக்கும் இவளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப் போனது. நானும் அங்கே இருந்தேன். பையனின் அப்பா காபியைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரிதாம்மா. பொண்ணு தங்கம். ஆனா அவங்க அப்பா குடிச்சிக் குளத்தங்கரையில விழுந்து செத்தாருன்னு ஊருல சொல்லுதாங்க. நாங்க கொஞ்சம் பாக்கிற குடும்பம்."

உள்ளே அந்தப் பெண் அழுகிற சத்தம் கேட்டது. எனக்குச் சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது. மைனி முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரே ஒரு கார்த்திகை பொறுங்க அண்ணாச்சி. குளத்தங்கரையில நான் வருசா வருசம் அன்னதானம் போடுவேன். குடும்பத்தோட வந்து ஒரு வாய் சாப்பிடுங்க. பொறவு வேண்டாம்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையாட்டினார்.

அந்தக் கார்த்திகையில் குருசாமிக்குப் பதினெட்டாம் வருஷம். வழிநெடுக அவர் படம் போட்ட பிளக்ஸ் வைத்திருந்தார்கள். பதினெட்டு முடிக்கிறவர் வழக்கப்படி மலையில் நடுவதற்குத் தென்னங்கன்று ஒன்றைக் கொண்டு வந்தார். செண்டை மேளம் வேறு. கழுத்து நிறைய மாலையோடு கரைமேல் வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

மைனி அதே இடத்தில் இலை போட்டாள். அவருக்கு வலது பக்கம் வாசுதேவநல்லூர்க்காரர் குடும்பம். எதிரே எங்கள் ஊர்ப் பெரியவர்கள், அன்றைக்கு என்னைச் சும்மா இரு என்றவர் உட்பட. என்னைத் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். எல்லா இலைக்கும் பரிமாறிவிட்டு, குருசாமியின் இலைக்கு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள். ஆறு வருஷம் குனிந்து முணுமுணுத்தவள், கரை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"சாமி, ஒரே ஒரு சந்தேகம். இந்தப் பதினெட்டு வருசமும் நீங்க நடந்துதான வந்தீங்க? ஒரு எட்டுகூட வண்டியில ஏறலையே?"

ஒரு இளவட்டச் சாமி எகிறினான். "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க குருசாமியப் போயி..."

"நீங்க சாப்பிடுங்க சாமி. அவரு சொல்லட்டும்."

குருசாமி நிமிர்ந்தபோது பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் தோளில் கிடந்த துண்டை இழுத்து என் முகத்தை மறைத்துக் காட்டினேன். அவர் முகம் செத்துப் போனது. செண்டைக்காரன்கூடக் கோலைக் கீழே வைத்துவிட்டான். வலது கை சோற்றில் இருக்க, இடது கை கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டது.

"ஏறினேம்மா" என்றார். "பதினோராம் வருசம். கால் புண்ணு. முன்னால நடக்கிறேன்னு இவங்ககிட்டச் சொல்லிட்டு, கடையநல்லூர்ல இருந்து இங்க வரைக்கும் வண்டியில வந்தேன்."

"அன்னிக்கு எம் வீட்டுக்காரர இடிச்சது எது?"

"எங்க வண்டிதான்."

அவர் அக்கா மகன் பந்தியை விட்டு எழுந்துபோய்க் குளத்தைப் பார்த்து நின்றுகொண்டான்.

"அவரு குடிச்சிருந்தாரா சாமி?"

"இல்லம்மா. குடிக்கல. இடிச்சத ஒத்துக்கிட்டா, நான் வண்டியில வந்தது தெரிஞ்சிரும்னு அப்படிச் சொல்லிட்டேன்."

மைனி திரும்பி ஊர்ப் பெரியவர்களைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? இப்ப மாலை போட்ட சாமிதான் சொல்லுது." அந்தப் பெரியவர் இலையைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. நான் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குருசாமி கையெடுத்துக் கும்பிட்டார். விரலெல்லாம் சோறு. "என்னைய மன்னிச்சிருங்கம்மா. நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

"நான் யாரு சாமி சொல்லுததுக்கு? நீங்கதான குருசாமி? ஒங்க பின்னால வாற கன்னிச்சாமி ஒருத்தன் இப்படிச் செஞ்சிருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. "நடந்ததெல்லாம் நடந்ததாக் கிடையாது, ஒண்ணுல இருந்து நடன்னு சொல்லுவேன்."

"அப்ப சரி. சாப்பிடுங்க. இலையில சோறு இருக்கு, மிச்சம் வைக்கப்பிடாது."

தின்று முடித்தார். தன் இருமுடியைக் குழுவில் மூத்த சாமியிடம் கொடுத்தார். அந்தத் தென்னங்கன்றை எடுத்து வந்து, அண்ணன் விழுந்த இடத்தைக் காட்டி, "இத இங்க நட்டுட்டுப் போகவாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாம் சாமி. நீங்க கொண்டுவந்தது, நீங்களே கொண்டுட்டுப் போங்க."

கன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் மட்டும் வடக்கே பார்த்துத் திரும்பி நடந்தார். நான் கண்ணுக்கு மறைகிற வரை பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

வாசுதேவநல்லூர்க்காரர் அங்கேயே, "சம்மந்தி, தையிலயே வச்சுக்கிடுவோமா?" என்று பல்லைக் காட்டினார். மைனி அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றி, "பொண்ணக் கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள். மனுஷனை மூன்று தடவை வீட்டுக்கு நடக்க வைத்துவிட்டு, வைகாசியில் கல்யாணத்தை நடத்தினாள். பத்திரிகையில் அண்ணன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னாள். கல்யாணத்துக்கு வந்த ஒருவர்கூட அந்தப் பழைய பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த கார்த்திகையில் மைனி ஊரில் இல்லை. மகளுக்கு மசக்கை, தலை தூக்க முடியவில்லை என்று திருப்பூர் போயிருந்தாள். நான் கடையில் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கரைமேல் ஒரு சாமி தனியாக வந்தார். மேளமில்லை, கூட வண்டியில்லை. பார்த்தால் அவர்தான். நேராகப் போய் அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முன்னால் இலை இல்லை. வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் எழுந்து போகவில்லை. ஒரு செம்புத் தண்ணீர்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. சாமிக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். காய்ந்து போகட்டும் என்று இருந்தது. பிறகு இந்தக் காட்சியைச் சொன்னால் மைனிக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று போன் போட்டேன்.

"மைனி, அந்தாளு வந்திருக்காரு. ஒங்க எடத்துலயே உக்காந்துருக்காரு."

"நடந்தா வந்தாரு, வண்டியிலயா?"

"நடந்துதான். காலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

"எலை போட்டியாலே?"

"நான் எதுக்குப் போடணும்? பட்டினி கெடக்கட்டும்."

"கூறுகெட்டவனே" என்றாள் மைனி. "போயி எலையப் போடு. சோறு நெறைய வச்சு, நெய் ஊத்தி, நல்லா சாப்பிட வையி. ஆளு மெலிஞ்சு பாதியில படுத்துறப்பிடாது. இன்னும் பதினேழு வருசம் நடக்கணும்லா அவரு."